முதல் தந்தியில் இறங்கும் அரை ஸ்வரம்

பல ஆண்டுகள் மூலையில் கிடந்த கிட்டாரை எடுத்துத் தூசி தட்டி, சுருதி சேர்த்து மடியில் வைத்ததும் கை தானாகப் போய் நிற்கும் இடம் ஏ மைனர். அங்கிருந்து சி, டி, எஃப். அந்த நான்கு கார்டையும் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகள்) ஆறு ஆறாக எண்ணி, தந்தி தந்தியாகத் தொட்டு வாசித்தால், பக்கத்து அறையில் இருப்பவர்கூட ஒரு கணம் தலையைத் தூக்கிக் கேட்பார். 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்', தி அனிமல்ஸ் என்ற பிரிட்டிஷ் குழு பாடியது, 1964. வார்த்தை ஒன்றுகூட நினைவில் இல்லாதவர்களுக்கும் அந்தத் தொடக்கம் மறப்பதில்லை.

ஆனால் இளமைக்குப் பிறகு திரும்ப வாசிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வார்கள்: "கார்டு எல்லாம் சரியாத்தான் பிடிக்கிறேன், ஆனா அந்தப் பாட்டு வரமாட்டேங்குது." அவர்கள் சொல்வது உண்மை. கார்டு சரியாக இருந்தும் பாட்டு வராமல் போவதற்குக் கைக்கு எட்டும் காரணங்கள் உண்டு. பெரும்பாலானவை எஃப் கார்டைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் அந்தப் பதிவைப் பற்றிக் கொஞ்சம். 1964 மே 18 அன்று லண்டன் கிங்ஸ்வேயில் இருந்த ஒரு சின்ன ஸ்டூடியோவில் ஒரே டேக்கில் பதிவானது. தயாரிப்பாளர் மிக்கி மோஸ்ட். குழு அப்போது அமெரிக்கப் பாடகர் சக் பெர்ரியோடு சுற்றுப்பயணத்தில் இருந்தது. மேடையில் மற்றவர்கள் எல்லாரும் வேகமான ராக் அண்ட் ரோல் வாசித்துக்கொண்டிருக்க, தனித்துத் தெரியும்படி ஒன்று வேண்டும் என்று இந்த மெதுவான நாட்டுப்பாடலைக் கடைசிப் பாட்டாக வைத்துக்கொண்டார்கள். இரவுக்கு இரவு வாசித்துப் பழகியிருந்ததால் ஸ்டூடியோவில் இரண்டாம் டேக் தேவைப்படவில்லை. ஜூனில் வெளியாகி, ஜூலையில் பிரிட்டனிலும் செப்டம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம். குரல் எரிக் பர்டன், கிட்டார் ஹில்டன் வாலண்டைன், ஆர்கன் ஆலன் பிரைஸ், பேஸ் சாஸ் சாண்ட்லர், டிரம்ஸ் ஜான் ஸ்டீல்.

முழுப் பதிவின் நீளம் 4 நிமிடம் 29 வினாடி. அன்றைய வானொலிக்கு அது மிக நீளம். அதனால் அமெரிக்காவில் வந்த சிங்கிளை 3 நிமிடத்துக்குள் வெட்டிச் சுருக்கினார்கள். ஒருவர் இளமையில் எந்தத் தட்டைக் கேட்டார் என்பதைப் பொறுத்து அவர் நினைவில் இருக்கும் பாட்டின் நீளமே மாறும். 'ஆர்கன் இவ்வளவு நேரம் வாசிக்குமா' என்று ஒருவர் வியப்பதும், 'அது இல்லாமல் பாட்டே இல்லையே' என்று இன்னொருவர் சொல்வதும் இதனால்தான். வாசிக்கக் கற்பவர்கள் முழுப் பதிவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டு அவர்களுடையது அல்ல, யாருடையது என்று சொல்லவும் முடியாது. அறியப்பட்ட மிகப் பழைய ஒலிப்பதிவு 1933இல் கிளாரன்ஸ் ஆஷ்லியும் க்வென் ஃபாஸ்டரும் செய்தது. 1937இல் கென்டக்கி மாநிலத்தில் மிடில்ஸ்பரோ என்ற ஊரில் ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் பாட, நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அதைப் பதிவு செய்தார். பழைய வடிவங்கள் பலவற்றில் கதை சொல்வது கெட்டுப்போன வாழ்க்கையை நினைத்து அழும் ஒரு பெண். அனிமல்ஸ் அதை ஓர் ஆணின் கதையாக ஆக்கினார்கள். இடையில் நியூயார்க்கில் டேவ் வான் ராங்க் என்ற நாட்டுப்பாடகர் இதன் கார்டுகளை மாற்றி, பேஸ் வரிசை, அதாவது அடிக்குரல், அரை அரை ஸ்வரமாகக் கீழே இறங்கும்படி அமைத்தார். அந்த அமைப்பைக் கேட்டுக் கற்ற பாப் டிலன் 1961இல் பதிவு செய்தார்; 1962இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் அது இருக்கிறது. அந்த அரை ஸ்வர இறக்கத்தை மனதில் வையுங்கள். அனிமல்ஸ் பதிவில் அது பேஸில் இல்லை, மேலே ஏறிப்போய் உட்கார்ந்திருக்கிறது.

இனி கைக்கு வருவோம்.

கார்டு வரிசை இது. ஒவ்வொரு கார்டும் ஆறு எண்ணிக்கை, அதாவது இரண்டு 'தகிட'. முதல் வரி: ஏ மைனர், சி, டி, எஃப். இரண்டாம் வரி: ஏ மைனர், சி, ஈ, மறுபடி ஈ. மூன்றாம் வரி முதல் வரி போலவே. நான்காம் வரியில் ஏ மைனர், ஈ, பிறகு அடுத்த சரணத்துக்குப் போகும் சுற்று: ஏ மைனர், சி, டி, எஃப், ஏ மைனர், ஈ, ஏ மைனர், ஈ. தொடக்கத்தில் கிட்டார் வாசிப்பதும் இந்த எட்டுக் கார்டுச் சுற்றைத்தான்.

விரல் இடங்கள் தெரிந்தவர்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இந்தப் பாட்டில் எந்த விரல் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கார்டுக்குப் போகும் வழியைத் தீர்மானிக்கிறது. மெல்லிய தந்தி 1, தடித்தது 6 என்று எண்ணுகிறேன். ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே உள்ள கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டம். ஏ மைனரில் ஆள்காட்டி விரல் 2ஆம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில், நடுவிரல் 4ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டில், மோதிர விரல் 3ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டில். சி கார்டுக்கு மோதிர விரலை மட்டும் 5ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டுக்கு எடுத்துப்போனால் போதும். மற்ற இரண்டும் அசையக் கூடாது. மூன்று விரலையும் தூக்கி மறுபடி வைக்கும் பழக்கம் இருந்தால் இங்கேயே முதல் தடுமாற்றம் வந்துவிடும்.

டி கார்டுக்கு வேறு வழியில்லை, எல்லா விரலும் எழ வேண்டும். ஆள்காட்டி 3ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட், நடுவிரல் முதல் தந்தியின் 2ஆம் ஃப்ரெட், மோதிர விரல் 2ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட். ஈ கார்டு ஏ மைனரின் அதே உருவம்; மூன்று விரலையும் அப்படியே ஒரு தந்தி தடித்த பக்கம் நகர்த்தினால் ஈ. அதனால் சுற்றின் முடிவில் வரும் ஏ மைனர், ஈ, ஏ மைனர், ஈ என்ற இடம் கைக்கு ஓய்வு. அங்கே மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

எஃப். இந்தப் பாட்டை விட்டுவிட்டவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் விட்டிருப்பார்கள். ஆறு தந்தியையும் அழுத்தும் முழு பார் கார்டு இதற்குத் தேவையே இல்லை. நான்கு தந்தி எஃப் போதும்: ஆள்காட்டி விரல் முதல் தந்தியையும் 2ஆம் தந்தியையும் சேர்த்து முதல் ஃப்ரெட்டில் அழுத்த வேண்டும், நடுவிரல் 3ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டில், மோதிர விரல் 4ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில். 5ஆம், 6ஆம் தந்திகளைத் தொடுவதில்லை.

இதுவும் வரவில்லை என்பவர்களுக்குப் பாடப் புத்தகங்களும் வீடியோக்களும் ஒரு குறுக்கு வழி காட்டுகின்றன: முதல் தந்தியை அழுத்தாமல் திறந்தே விட்டுவிடுங்கள், எஃப் மேஜர் செவன் ஆகிவிடும், கேட்க நன்றாகவே இருக்கும் என்று. வேறு பாட்டுக்கு அது சரி. இந்தப் பாட்டுக்கு அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை முதல் தந்தியை மட்டும் வாசித்தே கேட்டுவிடலாம்.

மற்ற தந்திகளை மறந்துவிட்டு, முதல் வரியின் கார்டுகளில் முதல் தந்தி எந்த ஃப்ரெட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஏ மைனரில் 0, சியில் 0, டியில் 2, எஃப்பில் 1, மறுபடி ஏ மைனருக்கு வரும்போது 0. 0, 0, 2, 1, 0. மெதுவாக அந்த ஐந்தையும் ஒரே தந்தியில் வாசியுங்கள். பாட்டு அங்கேயே கேட்கும். வான் ராங்க் பேஸில் வைத்த அரை ஸ்வர இறக்கத்தின் ஒரு துண்டு இங்கே உச்சித் தந்தியில் இருக்கிறது. எஃப்பில் முதல் தந்தியைத் திறந்து விட்டால் வரிசை 0, 0, 2, 0, 0 என்று ஆகிவிடும். நடுவில் இருந்த படி உடைந்துபோகும். 'கார்டு எல்லாம் சரி, பாட்டு வரவில்லை' என்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

கர்நாடக இசை காது உள்ளவர்களுக்கு இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். ஏ ஸ்வரத்தை ஷட்ஜமாக வையுங்கள். திறந்த முதல் தந்தி பஞ்சமம். டி கார்டில் அது சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏறுகிறது, எஃப்பில் சுத்த தைவதத்துக்கு இறங்குகிறது, பிறகு பஞ்சமத்தில் வந்து அமர்கிறது. டி கார்டு வரும்போது கரகரப்பிரியாவின் வெளிச்சம். அடுத்த ஆறு எண்ணிக்கையில் அதே தைவதம் அரை ஸ்வரம் இறங்கியதும் நடபைரவியின் நிழல் விழுகிறது. ஈ கார்டில் 3ஆம் தந்தியின் முதல் ஃப்ரெட் காகலி நிஷாதம், கீரவாணி எட்டிப்பார்க்கிறது. சி கார்டில் அதே 3ஆம் தந்தி திறந்திருக்கும்போது கைசிகி நிஷாதம். நான்கைந்து எளிய கார்டுக்குள் இரண்டு தைவதமும் இரண்டு நிஷாதமும் வந்து போகின்றன. ராக இலக்கணப்படி இது கூடாத கலப்பு, கார்டு இசையில் இதுதான் உயிர்.

பேஸையும் கவனியுங்கள். ஏ மைனரில் திறந்த 5ஆம் தந்தி, சியில் 5ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட், டியில் திறந்த 4ஆம் தந்தி, எஃப்பில் 4ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட். ஸ, க, ம, த என்று கீழே ஒரு குரல் ஏறிக்கொண்டே போகிறது. கடைசிப் படியில், கீழ்க்குரல் ஏறிச் சுத்த தைவதத்தை அடையும் அதே நேரம் மேல்குரல் இறங்கி அதே ஸ்வரத்தில் வந்து சேர்கிறது. எஃப் கார்டு வந்ததும் நெஞ்சில் ஏதோ அமுங்குவது போலிருக்கிறதே, அது இந்தச் சந்திப்பு. அதனால் எஃப்பில் இரண்டு தந்திகள் கண்டிப்பாகத் தெளிவாக ஒலிக்க வேண்டும்: 4ஆவதும் முதலாவதும். நடுவில் உள்ளவை கொஞ்சம் மங்கினாலும் பாட்டு பிழைத்துக்கொள்ளும்.

எஃப்பில் முதல் தந்தி 'டக்' என்று செத்து ஒலிப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஆள்காட்டி விரல் ஃப்ரெட் கம்பியிலிருந்து தள்ளி, நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் பள்ளமுள்ள துண்டு) பக்கமாக இருந்தால் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். கம்பியை ஒட்டியே வைக்க வேண்டும். விரலின் சதைப்பற்றான நடுப்பகுதியால் அழுத்தினால் தந்தி சதைக்குள் புதையும். விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சிறிது உருட்டி, எலும்பு தெரியும் ஓரத்தால் அழுத்துங்கள். மூன்றாவது, மணிக்கட்டு பின்னால் மடிந்திருப்பது. முழங்கையை உடம்போடு கொஞ்சம் சேர்த்தால் விரல் தானாக நேராகும். இறுக்கிப் பிடித்து விரல் வலிக்க வலிக்கப் பழகுவதால் எதுவும் சரியாவதில்லை.

இவை எல்லாம் செய்தும் வரவில்லையென்றால் குற்றம் கிட்டார் மேல் இருக்கலாம். சோதிக்க அரை நிமிடம் போதும். முதல் தந்தியை 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட் கம்பிக்கும் தந்திக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழைதான் இருக்க வேண்டும். காகிதம் இரண்டு மூன்று மடிப்பாகப் போகும் அளவு இடைவெளி இருந்தால் நட்டின் பள்ளம் போதிய ஆழம் இல்லை. முதல் ஃப்ரெட்டில் எந்தக் கார்டும் உங்களைத் துன்புறுத்தும். பள்ளத்தைச் சரியான அளவு அரத்தால் ஆழமாக்குவது நல்ல கிட்டார் பழுது பார்ப்பவருக்குச் சின்ன வேலை. வீட்டில் முயன்றால் கொஞ்சம் கூடுதலாக அராவினாலும் திறந்த தந்தி கம்பியில் பட்டு இரையத் தொடங்கிவிடும். அதைச் சரிசெய்யப் புது நட் போட வேண்டியிருக்கும்.

உடனடி வழி ஒன்று: 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். கேப்போ போட்டதும் நட்டின் உயரம் கணக்கிலிருந்து போய்விடுகிறது, ஃப்ரெட் இடைவெளியும் குறுகுகிறது. அதே எஃப் வடிவம் அங்கே எளிதாக வந்தால் உங்கள் விரலில் குறையில்லை என்று அர்த்தம். தந்தியின் கனமும் பெரிய வித்தியாசம் செய்யும். ஸ்டீல் தந்தி அகூஸ்டிக் கிட்டாரில் முதல் தந்தி 0.012 அங்குலம் உள்ள செட் போட்டிருந்தால், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வாசிக்கிறவர்கள் 0.011 அல்லது 0.010 செட்டுக்கு மாறுவது நல்லது. ஒலி சற்று மெலியும். விரல் பழகிய பிறகு திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

டியிலிருந்து எஃப்புக்குப் போகும்போது நாலு இடத்தையும் ஒரே நேரத்தில் தேட வேண்டாம். முதலில் வாசிக்கப்போவது பேஸ், அதனால் மோதிர விரல் முதலில் 4ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் இறங்கட்டும். அது ஒலிக்கும் நேரத்துக்குள் நடுவிரல், அதற்குள் ஆள்காட்டி. தந்தி தந்தியாக வாசிக்கும் பாட்டில் கிடைக்கும் சலுகை இது. முழுக் கார்டாக அடிக்கும் பாட்டில் கிடைக்காது. எஃப்பிலிருந்து ஏ மைனருக்குத் திரும்பும்போது ஆள்காட்டி விரலை எடுக்கவே கூடாது. 2ஆம் தந்தியில் அது ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கிறது. முதல் தந்தியை மட்டும் விடுவித்தால் போதும், மற்ற இரண்டு விரலும் அதைச் சுற்றி இடம் மாறிக்கொள்ளும்.

வலது கை. கற்பவர்களுக்கு நான் சொல்லும் வடிவம் ஆறு தொடுதல்: பேஸ், 3, 2, 1, 2, 3. ஏ மைனருக்கும் சிக்கும் பேஸ் 5ஆம் தந்தி, டிக்கும் எஃப்புக்கும் 4ஆவது, ஈக்கு 6ஆவது. விரலால் வாசித்தால் கட்டைவிரல் பேஸுக்கு. ஆள்காட்டி 3ஆம் தந்திக்கு, நடுவிரல் 2ஆம் தந்திக்கு, மோதிர விரல் முதல் தந்திக்கு, பாட்டு முழுக்க மாறாமல். பிக் எனும் சிறு தகட்டால் வாசித்தால் பேஸ், 3, 2, 1 நான்கும் கீழ்நோக்கி, திரும்பி வரும் 2, 3 இரண்டும் மேல்நோக்கி. கீழ் மேல் கீழ் மேல் என்று மாற்றி மாற்றி வாசிக்கும் பழக்கம் இங்கே உதவாது. தந்திக்குத் தந்தி பிக் எதிர்த்திசையில் சுற்றி வர வேண்டியிருக்கும், வேகம் கூடியதும் இடறும். வாலண்டைன் பிக் கொண்டுதான் வாசித்தார், கிரெட்ச் டென்னசியன் கிட்டாரில், செல்மர் ஆம்ப்ளிஃபயர் வழியாக. பதிவில் அவர் கை இந்த எளிய வடிவத்தைவிட நிறைவாகத் தந்திகளைத் தொட்டுச் செல்கிறது. ஆறு சீராக வந்த பிறகு அதைக் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

தாளத்தில் நடக்கும் பிழை ஒன்று மிகப் பரவலாக இருக்கிறது. நாலு நாலாக எண்ணிப் பழகிய கை, ஆறு தொடுதலை வாசித்துவிட்டு இரண்டு எண்ணிக்கை காத்திருந்து அடுத்த கார்டுக்குப் போகும். கார்டு மாற்றத் தடுமாறும்போது கிடைக்கும் அந்த இடைவெளி பழக்கமாகவே ஆகிவிடுகிறது. இந்தப் பாட்டில் காத்திருப்பு கிடையாது. தகிட தகிட, உடனே அடுத்த தகிட தகிட. முதல் 'த'வில் பேஸ் விழும்போது அழுத்தம், நான்காம் தொடுதலான முதல் தந்தியில் பாதி அழுத்தம். அந்த இரண்டாம் அழுத்தம் விழும் இடத்தைப் பாருங்கள்: மேலே சொன்ன பஞ்சமம், தைவதம், தைவதம், பஞ்சமம் என்ற இறக்கம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. தாளமும் ராகமும் ஒரே விரலில் இணைகிற இடம் அது.

வாயால் தகிட தகிட என்று சொல்லிக்கொண்டே வாசிப்பது மெட்ரோனோம் என்ற தாளக் கருவியைவிட நல்ல தொடக்கம். பிறகு மெட்ரோனோம் வைக்கும்போது ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு தட்டு வைக்காதீர்கள். ஒரு தகிடவுக்கு ஒரு தட்டு, கார்டுக்கு இரண்டு. நிமிடத்துக்கு 40 தட்டில் தொடங்குங்கள். எட்டுக் கார்டுச் சுற்றை நான்கு முறை தடங்கலில்லாமல் வாசிக்க முடிந்தால் 4 கூட்டுங்கள். அனிமல்ஸ் பதிவின் வேகம் ஏறக்குறைய 78. ஐம்பதுகளில் வந்ததும் பலருக்கு அலுப்புத் தட்டி எண்பதுக்குத் தாவுவார்கள், எஃப் மறுபடி சாகும். 60க்கும் 66க்கும் நடுவில் சில நாள் தங்குவது நல்லது. மோதிர விரல் தானாக முதலில் இறங்கும் பழக்கம் அந்த வேகத்தில்தான் உறுதிப்படுகிறது.

இனி நினைவைப் பற்றி ஒன்று. எல்லாம் சரியாக வந்த பிறகும் சிலருக்கு 'சுருதி வேறயா இருக்கே' என்று உறுத்தும். காது பொய் சொல்லவில்லை. பிடித்த பாட்டை மனிதர்கள் அசல் சுருதியோடே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை உளவியல் ஆய்வாளர் டேனியல் லெவிட்டின் 1994இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இசைப் பயிற்சி உண்டா இல்லையா என்று பாராமல், பிடித்த பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னபோது, 40 சதவீதம் பேர் இரண்டு முயற்சியில் ஒன்றிலாவது அசல் சுருதியையே தொட்டார்கள். ஆனால் இளமையில் காதில் விழுந்த அசல் எது? கேசட்டில் கேட்டவர்களுக்கு அது அந்த டேப் ரிக்கார்டரின் சுருதி.

கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். மோட்டார் 2 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஓர் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறும். ஏறக்குறைய 6 சதவீதம் என்றால் முழு அரை ஸ்வரம். ஏ மைனர் பாட்டு பி ஃப்ளாட் மைனராகக் கேட்கும். ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுத்தபோது இரண்டு இயந்திரங்களின் பிழையும் கூடியிருக்கும், அல்லது ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும். தளர்ந்த ரப்பர் பெல்ட் மெதுவாக்கும், சுருதியை அலையவும் விடும். அதனால் நினைவில் உள்ள பாட்டு கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருந்தால் அதுவே உங்கள் பாட்டு. கேப்போவை முதல் ஃப்ரெட்டில் போட்டுப் பாருங்கள். அல்லது எல்லாத் தந்தியையும் அரை ஸ்வரம் இறக்கிப் பாருங்கள். பழைய கேசட்டோடு சேர்ந்து வாசிப்பவர்கள் டியூனரை ஒதுக்கிவிட்டு, ஏ மைனர் பேஸ் ஒலிக்கும் நேரத்தில் திறந்த 5ஆம் தந்தியை நாடாவோடு சேர்த்து, மற்ற தந்திகளை அதிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாடவும் போகிறீர்கள் என்றால் சுருதியை இன்னொரு காரணத்துக்காகவும் யோசிக்க வேண்டும். பர்டன் தாழ்ந்த குரலில் தொடங்கிப் பின்னர் ஒரு ஸ்தாயி மேலே போய்விடுகிறார். முதல் சரணம் வசதியாக இருக்கிறதே என்று தொடங்கினால் நடுவில் தொண்டை கட்டிக்கொள்ளும். முதலில் உச்சச் சரணத்தைப் பாடிப் பார்த்துச் சுருதியைத் தேர்ந்தெடுங்கள். ஏ மைனர் உயரமாக இருந்தால் எல்லாத் தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி மைனரில் வாசிக்கலாம். தந்தி தளர்வதால் எஃப்பும் மென்மையாகும். பெண் குரல்களுக்கு 5ஆம் ஃப்ரெட் கேப்போ, அதாவது டி மைனர், பல நேரம் பொருந்தும். இது பெண் சொல்லும் கதையாக இருந்த பாட்டு என்பதால், பெண் குரலில் பழைய வரிகளோடு கேட்பது மிகப் பொருத்தமாகவே இருக்கும்.

கீபோர்டு வாசிப்பவர் கூட இருந்தால் ஆர்கனைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவில் ஒலிப்பது வாக்ஸ் கான்டினென்டல், டிரான்சிஸ்டர் ஆர்கன். வெள்ளைக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பும், கறுப்பின் இடத்தில் வெள்ளையும் வைத்த அந்த அழகான பெட்டி. தேவாலய ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு கனத்துப்போகும். மெல்லிய, சற்றுக் கூரான, மூக்கால் பாடுவது போன்ற ஒலி வேண்டும். முதல் சரணத்தில் கார்டை நீட்டிப் பிடித்தால் போதும். கிட்டாரின் முதல் தந்தி இருக்கும் இடத்தில் ஆர்கன் அலங்காரம் செய்தால் இறக்கம் கேட்காது. தட்டின் லேபிளில் அமைப்பாளர் என்று ஆலன் பிரைஸ் பெயர் மட்டுமே அச்சானது. உலகம் முழுக்கக் கிட்டார் கற்பவர்கள் வாசிப்பதோ வாலண்டைனின் அந்தக் கை. அதை அறிந்து வாசிப்பது அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை. 2021 ஜனவரியில் அவர் மறைந்தார்.

பாடிக்கொண்டே வாசிக்கும்போது முதலில் இடறும் இடம் தொடக்கமே. பாட்டின் முதல் அசை ஏ மைனரோடு சேர்ந்து விழுவதில்லை. அதற்கு முந்தைய ஈ கார்டின் கடைசித் தொடுதலிலேயே வாய் திறந்துவிட வேண்டும். ஏ மைனர் பேஸைக் கேட்ட பிறகு பாடத் தொடங்கினால் வரி முழுக்க ஓர் அடி பின்தங்கி, எஃப் வரும்போது டிக்குரிய சொல்லைப் பாடிக்கொண்டிருப்பீர்கள். பழக, சுற்றின் கடைசி ஏ மைனரையும் ஈயையும் மட்டும் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு ஈயின் ஆறாம் தொடுதலிலும் அந்த ஒற்றை அசையைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் வரியின் முடிவில் ஈ இரண்டு முறை வருவதும் அடிக்கடி ஒன்றாகச் சுருங்கிவிடும், ஏனென்றால் அங்கே பாடல் வரி முடிந்து வாய் சும்மா இருக்கிறது. பன்னிரண்டு தொடுதலையும் எண்ணுங்கள். 3ஆம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் உள்ள அந்தக் காகலி நிஷாதம் நான்கு முறை ஒலித்த பிறகுதான் அடுத்த ஏ மைனர்.